ட்ரங்க் ரோடு, ட்ரங்க் கால், ட்ரங்க் போர்ட்

தாம்பரம் பேருந்து நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், இந்தக் கட்டுரையில் பாதி புரிந்துவிடும். 500 என்று போட்ட பஸ் வந்தால் செங்கல்பட்டுக்காரர்கள் ஏறுவார்கள். 515 வந்தால் மாமல்லபுரம் போகிறவர்கள் ஏறுவார்கள். இரண்டும் கிளம்புவது ஒரே ஜி.எஸ்.டி. சாலையில்தான். வண்டலூர் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அங்கே 515 இடதுபுறம் திரும்பி கேளம்பாக்கம் பக்கம் போய்விடும், 500 நேராகப் போகும். பஸ்ஸின் நெற்றியில் அந்த மூன்று இலக்கம் இல்லாவிட்டால், ஒரே ரோட்டில் ஓடுகிற இரண்டு பஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம்?

ஜி.எஸ்.டி. என்றதும் வரிதான் ஞாபகத்துக்கு வரும். வணிகவியல் படிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வரி 2017-ல் வந்தது. சாலைக்கு அந்தப் பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது: கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு. ட்ரங்க் என்றால் அடிமரம். ஊர்களுக்குப் பிரியும் கிளைச் சாலைகள் எல்லாம் இந்த அடிமரத்திலிருந்துதான் பிரிகின்றன. இதே வார்த்தை பிறகு தொலைபேசிக்குப் போனது, அங்கிருந்து இணையக் கருவிகளுக்கும் போனது. இன்று இணைய நிறுவனத்தின் ஸ்விட்ச் பெட்டியில் பலருடைய போக்குவரத்தையும் ஒன்றாகச் சுமக்கும் துளைக்குப் பெயர் 'ட்ரங்க் போர்ட்'. அதில் ஓடும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் நெற்றியிலும் ஒரு பஸ் நம்பர் இருக்கும். அந்த நம்பருக்குப் பெயர் வி-லேன் எண்.

இதில் நமக்கு என்ன வந்தது என்றால், செங்கல்பட்டில் ஒரு கடைக்காரர் பழைய ரவுட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார். கம்பி சரி, விளக்கு சரி, பயனர் பெயர் சரி, கடவுச்சொல் சரி. இணையம் மட்டும் வரவில்லை. மாதம் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். இத்தனைக்கும் இல்லாமல் போனது ஒரே ஓர் எண். அந்த எண் அவருடைய ரசீதில் இல்லை, பெட்டியில் ஒட்டியிருக்கவில்லை, அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. முன்பு இப்படி இல்லை. எண்கள் எல்லாருக்கும் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. அது எப்படி மாறியது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் தொலைபேசி. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சில் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுதான் ட்ரங்க் கால். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம், மூன்று விலை. பழைய சினிமாவில் கதாநாயகியின் அப்பா போனைப் பிடித்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று கத்துவாரே, அது. இந்தியாவில் 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில் முதல் எஸ்.டி.டி. வந்தது. ஆபரேட்டர் அம்மாவின் வேலையை எண் செய்ய ஆரம்பித்தது. எந்த ஊர் என்பதை வாயால் சொல்வதற்குப் பதில் எண்ணுக்கு முன்னால் இன்னோர் எண்ணைச் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்துக்கு அப்போது 04114. பிறகு இந்தப் பகுதி சென்னையின் 044-க்குள் வந்தது. செங்கல்பட்டு எண்கள் 2742 என்றும் மாமல்லபுரம் எண்கள் 2744 என்றும் தொடங்கின. பழகிய கண்ணுக்கு விசிட்டிங் கார்டைப் பார்த்ததும் ஊர் தெரிந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, இந்த எண்கள் எல்லாம் டைரக்டரியில் அச்சாகி இருந்தன. எஸ்.டி.டி. பூத் சுவரில் ஊர்ப் பட்டியலாகத் தொங்கின. எக்ஸ்சேஞ்ச் ஊழியருக்கு மட்டும் தெரிந்த எண் என்று எதுவும் சந்தாதாரருக்குத் தேவைப்படவில்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுக்க ஆரம்பித்தது. 2000 அக்டோபர் 1-ல் பி.எஸ்.என்.எல். பிறந்தது. மோடம் கீ...கர்ர்ர் என்று சத்தம் போட்டுச் சேரும் காலத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது, விட்டுவிடலாம். நம் கதைக்கு முக்கியமான வருடம் 2005. அந்த ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' என்ற பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. முந்தைய ஆண்டு அரசு வெளியிட்ட கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட்! இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்றொரு திட்டம் இருந்தது. அதற்காக அலாரம் வைத்து எழுந்த தலைமுறையே ஒன்று உண்டு :-)

டேட்டாஒன் மோடம் ஒன்றை அமைக்க வேண்டுமானால் இரண்டு எண் போட வேண்டும். வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35. வட இந்தியாவில் எந்த ஊரானாலும் சரி, செங்கல்பட்டானாலும் சரி, பி.எஸ்.என்.எல். என்றால் 0/35. ஹுவாவே பெட்டியோ, யூடிஸ்டார்காம் பெட்டியோ, ரிச்சி தெருவில் வாங்கிய ஏதோ ஒரு பெட்டியோ, இந்த இரண்டு எண்ணைப் போட்டுப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் இணையம் வந்துவிடும். பிரவுசிங் சென்டர் பையன்களுக்குக்கூட மனப்பாடம். பிரிட்டனில் அது 0/38, பிரான்சில் 8/35, ஜெர்மனியில் 1/32. நாட்டுக்கு நாடு வேறு என்றாலும் அந்தந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த எண்கள்.

இந்த 0/35-தான் வி-லேன் எண்ணுக்கு அண்ணன். அப்போதைய டி.எஸ்.எல். கம்பியில் தகவல் ஏ.டி.எம். என்ற முறையில் 53 பைட் கொண்ட குட்டிக் குட்டிக் கட்டுகளாகப் போகும். (பணம் கொடுக்கும் ஏ.டி.எம். இல்லை.) ஒவ்வொரு கட்டின் தலையிலும் அது எந்தத் தடத்தைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கும். அந்தத் தட எண்தான் 0/35. அதாவது, வீட்டு மோடம் அப்போதே தன் பொட்டலங்களுக்கு பஸ் நம்பர் எழுதிக்கொண்டுதான் இருந்தது. அந்த நம்பர் ஊரறிந்ததாக இருந்ததால் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

தம்பியின் கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் இருவரும் ஈதர்நெட்டை உருவாக்கினார்கள். ஒரே தடித்த கம்பி, அதில் எல்லாக் கணினியும் தொங்கும். ஒன்று பேசினால் எல்லாவற்றுக்கும் கேட்கும். தெருமுனையில் கட்டிய ஒலிபெருக்கி மாதிரி. அலுவலகம் சிறியதாக இருக்கும் வரை இது பிரச்சினையே இல்லை.

1980-களில் டேவிட் சின்காஸ்கி என்ற பொறியாளர் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அதற்கு முன்பே ஈதர்நெட் கம்பியில் மனிதக் குரலை அனுப்பிப் பார்த்தவர் அவர். இந்தச் சின்னக் கம்பி வலையைத் தொலைபேசி வலை அளவுக்குப் பெரிதாக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி. பல ஈதர்நெட்களை ஸ்விட்ச் வைத்து இணைக்கலாம். ஆனால் வலையில் சுற்றுப்பாதை இருந்தால் பொட்டலங்கள் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க 1985-ல் ரேடியா பெர்ல்மன் ஓர் அற்புதமான வழி கண்டுபிடித்திருந்தார். தேவையில்லாத பாதைகளை ஸ்விட்ச்களே தற்காலிகமாக மூடிவிட்டு, வலை முழுவதையும் ஒரு மரமாக ஆக்கிக்கொள்ளும். சுற்றுப்பாதை போனது, ஆனால் கூட்டமெல்லாம் ஒரே அடிமரத்தில் வந்து நெருக்கியது. பொங்கலுக்கு முதல் நாள் பெருங்களத்தூரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சின்காஸ்கி கொடுத்த விடை, பொட்டலங்களுக்கு நிறம் பூசுவது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சின்ன அடையாளம். சிவப்புக்கு ஒரு மரம், பச்சைக்கு ஒரு மரம், நீலத்துக்கு ஒரு மரம். கம்பிகள் அதேதான், ஆனால் ஒரே வலைக்குள் மூன்று வலைகள். 1988-ல் இது பற்றிய ஆய்வுக்கட்டுரை வெளியானது. நெரிசலைக் குறைக்கத்தான் இந்த யோசனை பிறந்தது. ஒரு வாடிக்கையாளரை இன்னொருவரிடமிருந்து பிரித்து வைப்பதற்கும், பேச்சைத் தனியே, இணையத்தைத் தனியே அனுப்புவதற்கும் இதுவே உதவும் என்பது பின்னால் வந்த லாபம்.

1990-களில் ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள். சிஸ்கோவின் முறை மொத்தப் பொட்டலத்தையும் இன்னோர் உறைக்குள் போட்டு 30 பைட் சுமையைக் கூட்டும், சிஸ்கோ பெட்டிக்கு மட்டும்தான் அது புரியும். 1998-ல் ஐ-ட்ரிபிள்-ஈ அமைப்பு 802.1க்யூ என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. உறை வேண்டாம், பொட்டலத்தின் தலைப்பிலேயே 4 பைட்டைச் செருகிவிடலாம் என்றது அது. முதல் இரண்டு பைட் "இங்கே அடையாளம் இருக்கிறது" என்று அறிவிக்கும் குறி (பதினாறடிமானத்தில் 8100). அடுத்த இரண்டு பைட்டில் 3 பிட் முன்னுரிமைக்கு, 1 பிட் வேறொரு வேலைக்கு. மிச்சமுள்ள 12 பிட்தான் வி-லேன் எண்.

குறிப்பேட்டில் பே.ப.எ. என்று ஒரு குறுகிய பத்தி இருக்கும். முதலாம் ஆண்டுக் கணக்குப்பதிவியலில் பாதிப் பேர் அதை நிரப்பாமலேயே விட்டுவிடுவார்கள். பதிவு பேரேட்டின் எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்வது அந்தப் பத்திதான். தொகை சரி, பற்று வரவு சரி, ஆனால் பேரேட்டுப் பக்க எண் தவறு என்றால் பதிவு வேறு எவர் கணக்கிலோ போய் உட்காரும். வி-லேன் எண் அந்தப் பே.ப.எ.

12 பிட்டில் 4096 எண்கள். 0-வும் 4095-ம் ஒதுக்கப்பட்டவை என்பதால் பயன்படுத்தக்கூடியவை 4094. அலுவலகக் கட்டடத்துக்கு இது தாராளம். வீடு வீடாக இணைப்பு கொடுக்கும் நிறுவனத்துக்குப் போதாது. அதனால் 2005-ல் ஒரு திருத்தம் வந்தது. அடையாளத்துக்கு மேல் இன்னோர் அடையாளம். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, பெருக்கினால் சுமார் 1 கோடியே 67 லட்சம். கூடவே இன்னொன்றும் நடந்தது. ஒரே எண்ணை வேறு வேறு ஊர்களில் வேறு வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம், அடுத்த ஸ்விட்சில் எண்ணை மாற்றியும் எழுதலாம் என்பதால், நாடு முழுவதற்கும் ஓர் எண் என்ற கட்டாயம் இல்லாமல் போனது. நம் கடைக்காரரின் தலைவலி இங்கேதான் முளைத்தது.

இனி செங்கல்பட்டுக்கு வரலாம். செப்புக் கம்பியின் இடத்தில் கண்ணாடி இழை வந்தபோது 0/35 காணாமல் போனது. பி.எஸ்.என்.எல். 2019-ல் 'பாரத் ஃபைபர்' என்ற பெயரில் வீடுகளுக்கு ஃபைபர் விற்றது. (அதே ஆண்டு நவம்பர் 29-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது.) இதில் எக்ஸ்சேஞ்ச் பக்கம் ஓ.எல்.டி. என்ற பெரிய பெட்டி, வீட்டில் ஓ.என்.டி. என்ற சின்னப் பெட்டி. ஓ.எல்.டி.யின் ஒரு துளையிலிருந்து கிளம்பும் ஒரே இழை, வழியில் உள்ள பிரிப்பான்களில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகும்.

எல்லா வீட்டுக்கும் தானே இழை இழுக்க நிறுவனத்திடம் ஆள் இல்லை. தெருத்தெருவாகக் கேபிள் டி.வி. கம்பி இழுத்துப் பழகியவர்கள் இருந்தார்கள். அவர்கள் கூட்டாளிகள் ஆனார்கள். இழை அவர்களுடையது, வருவாயில் பங்கு. பல இடங்களில் ஓ.எல்.டி. பெட்டிகூட அவர்களுடையதுதான். வணிக ரீதியாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. இது இல்லாவிட்டால் பல கிராமங்களுக்கு ஃபைபர் வந்தே இருக்காது. ஆனால் பெட்டிகள் பல கம்பெனிகளுடையவை, போட்ட ஆட்களும் பலர். ஒவ்வொரு ஓ.எல்.டி.க்கும் தனித்தனி வி-லேன் எண் என்று ஆனது. தனித்தனியாக வைப்பதில் பொறியியல் நியாயமும் இருக்கிறது. ஒரு தெருவில் ஏற்படும் குழப்பம் அடுத்த ஊருக்குப் பரவாது, எந்தப் பெட்டியிலிருந்து வருகிற போக்குவரத்து என்பதும் உடனே தெரியும். இதனால் செங்கல்பட்டில் ஓர் எண், திருக்கழுக்குன்றத்தில் ஓர் எண், கடற்கரைப் பக்கம் இன்னோர் எண் என்று இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பூத் சுவரில் பட்டியல் மாட்டிய காலம் போய், எண் லைன்மேனின் தலைக்குள் குடியேறிவிட்டது.

இது எப்படிப் படுத்தும் என்று பார்க்க, மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகும் வழியில் ஒரு சிற்பக் கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுக் கோயில்களுக்குச் சிலை செய்து அனுப்பும் பட்டறை. முகம் செதுக்கியதும் படம் எடுத்து அனுப்பி, கோயில்காரர்கள் சரி என்ற பிறகுதான் அடுத்த வேலை. 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அது போன்ற ஓர் இரவில் மின்சாரம் போய்ப் போய் வந்து பெட்டி கருகிவிடுகிறது. ஸ்தபதியின் அக்கா மகன் பாலிடெக்னிக் படிக்கிறவன். புதுப் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வரவழைக்கிறான்.

முதலில் இழையைச் செருகுகிறான். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மின்னவில்லை, அப்படியானால் ஒளி வருகிறது, இழை அறுபடவில்லை. பி.ஓ.என். விளக்கு பச்சையாக மின்னிக்கொண்டே இருக்கிறது, நிலைக்கவில்லை. இது வி-லேன் பிரச்சினை அல்ல. ஓ.எல்.டி.க்கு இந்தப் பெட்டி யாரென்று தெரியவில்லை. பெட்டியின் வரிசை எண்ணை எக்ஸ்சேஞ்ச் பக்கம் பதிவு செய்தால்தான் உள்ளே விடும். போன் போட்டுச் சொல்கிறான், மதியத்துக்குள் பதிவாகிறது. விளக்கு நிலைத்துவிட்டது. இதுவரை எல்லாம் முறைப்படி.

அடுத்து பயனர் பெயர், கடவுச்சொல். இணையம் வரவில்லை. "மாமா, பாஸ்வேர்டு தப்பா இருக்கும்" என்கிறான். மறுபடி மாற்றி வாங்கித் தட்டுகிறான். வரவில்லை. இன்னொரு முறை. வரவில்லை. இங்கேதான் தொண்ணூறு சதவீதம் பேர் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். (சதவீதம் சும்மா ஒரு பேச்சுக்கு!)

டேட்டாஒன் காலத்து ஆட்களுக்கு விண்டோஸ் எக்ஸ்.பி. காட்டும் இரண்டு பிழை எண்கள் ஞாபகம் இருக்கும். 691 என்றால் கடவுச்சொல் தவறு. 678 என்றால் எதிர்முனை பதிலே சொல்லவில்லை. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கதவைத் தட்டினோம், வாட்ச்மேன் திறந்து பார்த்து "நீ யாரு, போ" என்று விரட்டினால் அது 691. தட்டினோம், உள்ளே ஆளே இல்லை என்றால் 678. இன்றைய ரவுட்டர்களில் எண்ணுக்குப் பதில் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும். பி.பி.பி.ஓ.இ. முறையில் ரவுட்டர் முதலில் 'பாடி' என்ற அழைப்பை எல்லாருக்கும் கேட்கும்படி அனுப்பும். "இணையம் கொடுக்கிறவர் யாராவது இருக்கிறீர்களா?" என்பதுதான் அதன் பொருள். நிறுவனத்தின் சர்வர் 'பாடோ' என்று பதில் தரும். அதன்பிறகுதான் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். பதிவேட்டில் 'பாடோ வரவில்லை, நேரம் முடிந்தது' என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால், கடவுச்சொல்லை யாரும் இன்னும் பார்க்கவே இல்லை. எத்தனை தடவை மாற்றினாலும் ஒன்றுதான். வாட்ச்மேன் இல்லாத வாசலில் நின்று அடையாள அட்டையை நீட்டிக்கொண்டிருக்கிறான் பையன்.

பதில் ஏன் வரவில்லை? வி-லேன் கட்டம் காலியாக இருக்கிறது. நம்பர் எழுதாத பஸ். ஓ.எல்.டி. அதை எங்கேயும் அனுப்பாமல் அங்கேயே கொட்டிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் திருப்பி அனுப்பாது. இந்த மௌனம்தான் ஆளைக் கொல்வது.

பையன் கெட்டிக்காரன், கண்டுபிடித்துவிடுகிறான். செங்கல்பட்டில் இருக்கும் சித்தப்பா வீட்டிலும் அதே நிறுவனத்தின் இணைப்புதானே என்று போன் போட்டு அவர் எண்ணை வாங்கிப் போடுகிறான். அப்போதும் அதே மௌனம். டேட்டாஒன் காலமாக இருந்தால் அந்த யோசனை சரியாக வேலை செய்திருக்கும்! ஆனால் இப்போது சித்தப்பாவின் ஓ.எல்.டி. வேறு. தப்பான எண்ணும் எண்ணே இல்லாததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் அவன் "வி-லேன் பிரச்சினை இல்லை போல" என்று முடிவு கட்டிவிட்டு மறுபடியும் கடவுச்சொல்லுக்கே போகிறான்.

கடைசியில் இரண்டு வீடு தள்ளி உள்ள சங்குக் கடையில், அதே கேபிள்காரர் கொடுத்த பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறான். வான் என்ற பகுதியில் எண் இருக்கிறது. அதைப் போட்டதும் சில நொடியில் இணையம் வருகிறது. செதுக்கிய முகத்தின் படம் கடல் தாண்டிப் போகிறது.

இதிலேயே தலைகீழான தவறு ஒன்றும் உண்டு. ஓ.என்.டி.யும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டியாக இருக்கும் வீடுகளில், ஓ.என்.டி. தானே அடையாளத்தை ஒட்டி அனுப்பும். எங்கேயோ படித்துவிட்டு ரவுட்டரிலும் அதே எண்ணைப் போட்டால் இரண்டு அடையாளம் ஏறிவிடும், அல்லது ஓ.என்.டி. அதை ஏற்காமல் தள்ளிவிடும். இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் எழுத வேண்டும். நெற்றியில் இரண்டு நம்பர் போட்ட பஸ்ஸில் யார் ஏறுவார்கள்? இன்னொன்று, லேப்டாப்பில் பொட்டலங்களைப் பிடித்துப் பார்க்கும் மென்பொருளை ஓட்டி "அடையாளமே இல்லையே" என்று சாதிப்பவர்கள். பல விண்டோஸ் கணினிகளில் நெட்வொர்க் கார்டின் டிரைவரே அடையாளத்தைக் கழற்றிவிட்டுத்தான் பொட்டலத்தை மேலே கொடுக்கும். கண்ணில் படாததால் கம்பியில் இல்லை என்று ஆகிவிடாது.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களுக்கு எண் 7. பிரிட்டனில் ஓபன்ரீச்சின் தெருப்பெட்டி வரையிலான ஃபைபர் இணைப்புக்கு 101. நியூசிலாந்தின் தேசிய ஃபைபர் வலையில் 10. பிரான்சில் ஆரஞ்ச் நிறுவனத்துக்கு 832. ரவுட்டர் விற்கிற கம்பெனிகளே நாட்டையும் நிறுவனத்தையும் தேர்ந்தெடுத்தால் எண்ணைத் தானாக நிரப்பிக் கொடுக்கின்றன. ஜெர்மனி இன்னும் ஒரு படி போனது. 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்தப் பெட்டியை வைத்துக்கொள்வது என்பது வாடிக்கையாளர் உரிமை என்று சட்டம் போட்டு, இணைப்புக்குத் தேவையான விவரங்களைக் கேட்காமலேயே கொடுக்க வேண்டும் என்றும் ஆக்கியது. அங்கேயும் உள்ளே ஆயிரம் எண்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வாடிக்கையாளர் வாசலில் மட்டும் ஒரே எண்ணை நிறுத்திவிட்டு, அடுத்த ஸ்விட்சில் அதை மாற்றிக்கொள்கிறார்கள். 802.1க்யூ அதற்கு இடம் கொடுக்கிறது.

இங்கே எண்ணைச் சொல்லாமல் இருப்பதற்குப் "பாதுகாப்பு" என்று சிலர் காரணம் சொல்வதுண்டு. அது நிற்காது. வி-லேன் எண் கடவுச்சொல் இல்லை. எண் தெரிந்த திருடன் அந்த ஓ.எல்.டி.யின் இழையையும், பதிவான பெட்டியையும், பயனர் பெயரையும் எங்கே போய்த் தேடுவான்? 515 எங்கே போகும் என்று தெரிந்துகொண்டால் பஸ்ஸைத் திருட முடியாது. உண்மைக் காரணம் இதைவிடச் சாதாரணமானது. எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, ரசீதில் அதற்கு ஒரு கட்டம் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

கேபிள்காரரை வில்லனாக்குவதும் நியாயமில்லை. புயல் முடிந்த காலையில் விழுந்த மரத்துக்கு நடுவே ஏணியைச் சாத்தி இழையை ஒட்டுவது அவர்தான். இரவு ஒன்பது மணிக்குப் போனை எடுப்பவரும் அவர்தான். ஆனால் ஒரு தெருவின் இணையம் முழுவதும் ஒருவரின் ஞாபகத்தில் இருப்பது அவருக்கும் நல்லதில்லை. அவர் ஊரில் இல்லாத நாளில் சிற்பக் கூடமும் கடையும் காத்திருக்க வேண்டும், திரும்பி வந்தால் பத்து வீட்டுக்கு அலைய வேண்டும். ஒரு வரி அச்சடிக்கும் செலவையும் பத்து வீட்டு பெட்ரோல் செலவையும் ஒப்பிட காஸ்ட் அக்கவுண்டன்சி தேவையில்லை. இத்தனைக்கும் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் நிற்கும் சிறுசேரியும் இதே மாவட்டம்தான்.

பெட்டி உயிரோடு இருக்கும்போதே அமைப்புப் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1) வான் பகுதியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. எடுக்கும்போது அங்கே ஒரு வரி மட்டும் இருக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். சிற்பக் கூடத்துப் பையன் அதைக் கவனிக்கவில்லை. இணையம் வந்த மறுநாள் ஸ்தபதி லேண்ட்லைனை எடுத்தார், ஒலியே இல்லை. 2744 என்று தொடங்கும் அந்தப் பழைய எண்ணுக்கு இப்போது செப்புக் கம்பி கிடையாது. பேச்சும் அதே இழைக்குள் பொட்டலமாகத்தான் போகிறது, இணையத்தோடு கலக்காமல் இருக்க வேறொரு வி-லேன் எண்ணில். சங்குக் கடைப் பெட்டியில் அந்த எண் இரண்டாவது வரியில் இருந்தது. பையன் முதல் வரியைத்தான் எழுதி வந்திருந்தான்.